வாசகர் கேள்வி பதில்: பம்ப் கிட்ட நிக்கிற ஆளு

போன இதழ்ல வெயில் கால தீ பத்தி எழுதும்போது, நம்ம பேட்டை அயன் மீதத் (பர்மாவுல துணைத் தீயணைப்புப் படை) பசங்களுக்கு நோசில் புடிக்கத் தெரியுது, பம்ப் ஓட்டத்தான் தெரியலைன்னு ஒரே ஒரு வரி போட்டேன். அந்த ஒரு வரிக்கு வந்த கேள்விங்கதான் இந்த தடவை முழுக்க. நான் டீசல் மெக்கானிக், சின்ன வயசுல இருந்து தொண்டர் தீயணைப்புல பம்ப் பக்கம்தான் நின்னவன், அதனால இந்த விஷயத்துல கொஞ்சம் அழுத்திப் பேசுவேன், பொறுத்துக்கோங்க.

கேள்வி: அண்ணே, எங்க யக்குவெட்டுக்கு (வட்டாரத்துக்கு) ஜப்பான்ல இருந்து வந்த பழைய தீயணைப்பு வண்டி ஒன்னு நன்கொடையா கிடைச்சிருக்கு. பசங்க 14 பேர், அதுல தமிழ் பசங்க 6 பேர், மீதி பர்மாக்கார பசங்க. எல்லாருக்கும் நோசில்தான் வேணுமாம், பம்ப் கத்துக்க வாடான்னா ஒருத்தனும் வரமாட்டேங்குறான். எங்க இருந்து ஆரம்பிக்கிறது?
(வாசகர், தான்லின்)

பதில்: தம்பி, முதல் நாள் இஞ்சினையே ஸ்டார்ட் பண்ணாதீங்க. பசங்களை வண்டியைச் சுத்தி உக்கார வச்சு ஒரு கணக்கு மட்டும் கேளுங்க. டேங்க்ல 2000 லிட்டர் தண்ணி, 19 மில்லிமீட்டர் ஓட்டை உள்ள நேர் நோசில் ஒன்னு, சரியான பிரஷர்ல நிமிஷத்துக்கு சுமாரா 450 லிட்டர் குடிக்கும், அப்ப எத்தனை நிமிஷம் தண்ணி வரும்? நாலரை நிமிஷம்கூட வராது. ரெண்டு நோசில் திறந்தா ரெண்டேகால் நிமிஷம். அதுக்குள்ள பம்ப் கிட்ட நிக்கிறவன் குளத்துல இருந்தோ இன்னொரு வண்டியில இருந்தோ தண்ணியைக் கொண்டாந்து சேக்கலைன்னா, உள்ள போன உங்க நோசில்காரன் கையில வெறும் ஹோஸ்தான் இருக்கும், எதிர்ல நெருப்பு இருக்கும். இந்தக் கணக்கை அவங்க வாயாலேயே சொல்ல வைங்க, அதுக்கப்புறம் பம்ப் கத்துக்க ஆள் தேட வேண்டியதில்லை, எங்க ஊர்ல அப்படித்தான் நடந்துச்சு.

அடுத்தது பேனல். ஜப்பான் வண்டியில எழுத்தெல்லாம் ஜப்பான் எழுத்து, நம்ம ஆளுங்க யாருக்கும் படிக்கத் தெரியாது, யாரோ ஒருத்தர் சொன்னதை வச்சு இதுதான் காத்தை உறிஞ்சுற வேக்கம் லீவர், இதுதான் டேங்க் வால்வுன்னு மனப்பாடம் பண்ணி வச்சிருப்பாங்க, அவர் அன்னிக்கு வரலைன்னா முடிஞ்சுது கதை. அதனால ஒவ்வொரு வால்வுக்கும் பின்னாடி போற பைப்பைக் கையால தடவிக்கிட்டே போய் அது எங்க முடியுதுன்னு கண்ணால பாத்து, அதுக்கப்புறம் பெயிண்ட் அடிங்க. டேங்க்ல இருந்து பம்புக்கு வர்ற வால்வு ஒரு கலர், பம்புல இருந்து திரும்ப டேங்க்குக்குப் போறது ஒரு கலர், வெளிய ஹோஸுக்குப் போறது ஒரு கலர், பக்கத்துல பர்மிய எழுத்துல ஒன்னு, தமிழ்ல ஒன்னு. யூகத்துல மட்டும் எழுதிடாதீங்க, தப்பா எழுதுன பேர் எழுதாததை விட மோசம்.

மூணாவதுதான் பிடிஓ, அதாவது வண்டி இஞ்சின் பலத்தை பம்புக்கு மாத்தி விடுற கருவி. வண்டியை நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, டயருக்குக் கட்டை வச்சு, கியரை நியூட்ரல்ல போட்டு, கிளட்சை முழுசா மிதிச்சு பிடிஓவைப் போட்டு, கிளட்சை மெதுவா விடணும், இந்த வரிசை எந்த நாளும் மாறக் கூடாது. கட்டை வைக்காம பிடிஓ போட்டா அந்தப் பையனை அன்னிக்கு பயிற்சியில இருந்து இறக்கி விட்டுடுங்க, கோவிச்சுக்கிட்டாலும் பரவாயில்லை. இங்க நம்ம பர்மாவுல ஒரு வசதி உண்டு, 1970ல இருந்து ரோட்டுல வலது பக்கம் போறோம், ஜப்பான் வண்டிக்கு ஸ்டியரிங்கும் வலது பக்கம், அதனால டிரைவர் இறங்குறப்ப ஓரத்துல இறங்குறான், ஓடுற வண்டிங்க நடுவுல இல்லை.

14 பேருக்கும் பம்ப் தெரிஞ்சிருக்கணும், ஆனா அதுல நாலு பேரைத் தனியா எடுத்து கண்ணை மூடிக்கிட்டு லீவரைத் தொட்டுச் சொல்ற அளவுக்குப் பழக்குங்க. ராத்திரியில கரண்ட் போயி புகை சூழ்ந்து நிக்கிறப்ப அந்தப் பழக்கம் வேணும்.

கேள்வி: அண்ணா, டேங்க் தண்ணியில பம்ப் நல்லா அடிக்குது. குளத்துல சக்‌ஷன் பைப் போட்டா மட்டும் இஞ்சின் கத்துதே தவிர தண்ணி ஏறவே இல்லை. பம்ப் கெட்டுப் போச்சா? மெக்கானிக் இம்பெல்லரை மாத்தணும்கிறார், செலவு பெருசா சொல்றார்.
(வாசகர், பகோ)

பதில்: இம்பெல்லரைத் தொடாதீங்க! டேங்க் தண்ணியை நல்லா அடிக்குதுன்னா பம்ப் நல்லாத்தான் இருக்கு, கோளாறு பெரும்பாலும் காத்துதான்.

நம்ம பெரியவங்க வயல்ல மோட்டார் போட்டவங்க, அவங்களைக் கேட்டா சொல்வாங்க, ஏர் புடிச்சிடுச்சுன்னா மோட்டார்ல தண்ணி ஊத்தித்தான் எடுக்கணும்னு. தீயணைப்பு வண்டி பம்பும் அதே ஜாதிதான். இம்பெல்லர் சுத்தி தண்ணியை வெளிய வீசும், ஆனா காத்தை இழுக்கத் தெரியாது. அதுக்குத்தான் கூடவே சின்ன வேக்கம் பம்ப் ஒன்னு வச்சிருக்கு, அது பைப்புக்குள்ள இருக்கிற காத்தை உறிஞ்சி வெளிய தள்ளும், உள்ள காத்து குறைஞ்சதும் வெளியில குளத்து மேல அழுத்துற காத்து தண்ணியை பைப்புக்குள்ள தள்ளி விடும். பம்ப் தண்ணியை இழுக்குதுன்னு நாம பேச்சுக்குச் சொல்றோம், நிஜத்துல ஆகாயம்தான் தள்ளுது. இதைப் பசங்க மனசுல பதிய வச்சிட்டா பாதி பாடம் முடிஞ்சுது, ஏன்னா ஆகாயத்தோட பலத்துக்கு ஒரு எல்லை இருக்கு, கடல் மட்டத்துல எவ்வளவு பெரிய பம்ப் வச்சாலும் கணக்குப்படி 10.3 மீட்டர், நடைமுறையில 7 மீட்டர் வந்தாலே அதிகம், 3 மீட்டருக்குள்ள வச்சுக்கிட்டா பம்ப் தன்னோட முழு அளவு தண்ணியைக் குடுக்கும். ஏப்ரல் வெயில்ல குளத்துத் தண்ணி 35 டிகிரிக்குச் சூடாகி இருந்தா இந்த எல்லையில இன்னும் அரை மீட்டர் போயிடும்.

இப்ப உங்க வண்டியைப் பாப்போம். இளநீ குடிக்கிற ஸ்ட்ராவுல ஊசி முனை அளவு ஓட்டை இருந்தா எவ்வளவு உறிஞ்சினாலும் காத்துதான் வாய்க்கு வரும், சரியா அதே கோளாறு. சக்‌ஷன் பைப் ஒவ்வொரு ஜாயின்ட்லயும் ஒரு ரப்பர் வாஷர் இருக்கும், அதைத் தொட்டுப் பாருங்க, காஞ்சு போயிருக்கா, வெடிச்சிருக்கா, மணல் ஒட்டியிருக்கா, இல்லை அது அங்க இருக்கா? எனக்கு 20 வயசு இருக்கும்போது ஒரு ராத்திரி மூங்கில் வீடுங்க வரிசையா எரியுது, குளம் 15 மீட்டர் தூரம்தான், பைப்பைப் போட்டு வேக்கம் இழுக்குறோம் இழுக்குறோம், கேஜ் முள்ளு அசையவே இல்லை. முந்தின வாரம் பைப்பைக் கழுவினப்ப வாஷர் கீழ விழுந்து யாரும் பாக்கலை. வேட்டியைக் கிழிச்சு சுத்தி ஒரு வழியா தண்ணி ஏத்துனோம், அதுக்குள்ள மூணு வீடு போச்சு. அந்த வாஷர் என் உள்ளங்கை அளவுகூட இருக்காது. அன்னில இருந்து என் சட்டைப் பையில ஒரு ஸ்பேர் வாஷர் இருக்கும், வண்டிப் பெட்டியில நாலு இருக்கும்.

வாஷர் சரின்னா அடுத்து வெளியேத்துற வால்வுங்க, வடிகால் குழாய்ங்க எல்லாம் மூடியிருக்கான்னு பாருங்க. கீழ இருக்கிற சின்ன டிரெய்ன் குழாயை மூட மறக்கிறது ரொம்ப சகஜம். டேங்க் வால்வு முழுசா மூடலைன்னாலும் வேக்கம் டேங்க் பக்கமா ஓடிடும்.

இதைக் கண்டுபிடிக்க தண்ணியே வேண்டாம், காய்ஞ்ச வேக்கம் சோதனைன்னு ஒன்னு இருக்கு. சக்‌ஷன் பைப்பை மாட்டி அந்தக் கடைசி முனையை மூடியால மூடி, எல்லா வால்வையும் மூடி, வேக்கம் பம்பைப் போடுங்க. கேஜ்ல முள்ளு பூஜ்யத்துக்குக் கீழ 0.075 மெகாபாஸ்கல் பக்கம் போகணும். அப்புறம் வேக்கத்தை நிறுத்திட்டு 5 நிமிஷம் பாருங்க, முள்ளு 0.04 பக்கம் வரைக்கும் வந்தாக்கூட அமெரிக்காக்காரங்க அளவுப்படி பாஸ், அதைத் தாண்டி பூஜ்யத்தை நோக்கி ஓடி வந்தா எங்கயோ காத்து நுழையுது. ஓட்டையைத் தேட காதுதான் கருவி, இஞ்சினை நிறுத்திட்டு ஒவ்வொரு ஜாயின்ட்டா காதை வச்சா உஸ்ஸுன்னு சத்தம் கேக்கும். மாசத்துக்கு ஒரு தடவை இதைப் பண்ணுங்க, காசு செலவே இல்லாத சோதனை.

பைப் முனையில குப்பையைத் தடுக்கிற ஸ்ட்ரெய்னரையும் விட்டுடாதீங்க. தண்ணி மட்டத்துக்குக் கீழ ரெண்டு அடியாவது முங்கி இருக்கணும், இல்லைன்னா மேல சுழி விழுந்து அது வழியா காத்து போகும். அதே நேரம் அடிச் சேத்துல உக்காரவும் கூடாது. நம்ம ஊர் குளங்கள்ல ஆகாயத்தாமரையும் பிளாஸ்டிக் பையும் இல்லாத இடம் எது, அதனால ஸ்ட்ரெய்னரைச் சுத்தி ஒரு பழைய மூங்கில் கூடையைக் கட்டி, பைப்பை ஒரு மூங்கில் ஏணி மேல சாய்ச்சுப் போடுங்க, சேறும் தொடாது குப்பையும் அடைக்காது. பைப் நடுவுல எங்கயும் பம்ப் வாயை விட உசரமா மேடு கட்டக் கூடாது, அந்த மேட்டுல காத்து போய் குந்திக்கும்.

கடைசியா ஒன்னு. வேக்கம் பம்பை 30 செகண்டுக்கு மேல இழுத்தும் தண்ணி ஏறலைன்னா நிறுத்திட்டுக் காரணத்தைத் தேடுங்க, விடாம இழுத்துக்கிட்டே இருந்தா அந்தச் சின்ன பம்ப்தான் நிஜமாவே கெட்டுப் போகும். இதெல்லாம் ஸ்டேஷன் வாசல்ல நின்னு சொல்லிக்குடுத்தா வராது, ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது, வாரம் ஒரு நாள் குளத்தங்கரைக்கே வண்டியைக் கொண்டு போங்க. மாந்தலேயில இருக்கிற பசங்களுக்கு கோட்டை அகழி இருக்கு, ரங்கூன்ல ஏரிங்க இருக்கு, அதிகாரிங்க கிட்ட அனுமதி கேட்டுட்டுப் போடுங்க.

கேள்வி: எங்க பழைய வாத்தியார் பிரஷரை பிஎஸ்ஐல சொல்வார், இன்னொருத்தர் கிலோல சொல்றார், வண்டியில இருக்கிற கேஜ்ல 0.5, 1.0ன்னு போட்டிருக்கு. தீ நடக்கிற இடத்துல 7 வை 7 வைன்னு கத்துனா எதை வைக்கிறது? எப்பவும் எவ்வளவு பிரஷர் குடுக்கணும்?
(வாசகர், மோல்மின்)

பதில்: நல்ல வேளை கேட்டீங்க, இந்தக் குழப்பத்துலதான் ஆள் அடிபடுறாங்க. புது ஜப்பான் கேஜ் மெகாபாஸ்கல். 0.7 மெகாபாஸ்கல்ன்னா 7 பார், அது பழைய கேஜ்ல ஏறக்குறைய 7 கிலோ, பிஎஸ்ஐல சுமாரா 100. கேஜ் கண்ணாடிக்குப் பக்கத்துல இந்த நாலையும் ஒரு தகரத்துல எழுதி ஒட்டிடுங்க. அணிக்குள்ள ஒரே அளவுதான் பேசணும்னு முடிவு பண்ணிக்கோங்க, எனக்கு பார்தான் பிடிக்கும், ஏன்னா 10 மீட்டர் உசரத்துக்கு 1 பார்னு மனக்கணக்கு சுலபமா வருது.

எப்பவும் இவ்வளவுன்னு ஒரு நம்பர் கிடையாது. எங்க ஆளுங்க நிறைய பேர் செய்யுற தப்பு, பெரிய தீன்னா ஆக்ஸிலேட்டரை முழுசா ஏத்துறது. நோசில் வாயில எவ்வளவு வேணுமோ அதுல இருந்து பின்னாடி நடந்து வந்து கணக்கு போடணும். நேர் நோசிலை கையில புடிக்கிறதுன்னா நோசில் வாயில 3.5 பார் போதும், பனி மாதிரி தூவுற நோசிலா இருந்தா பொதுவா 7 பார் கேக்கும், ஆனா அது நோசிலுக்கு நோசில் மாறும், உங்க நோசில் மேல என்ன எழுதியிருக்குன்னு பாருங்க. அதுக்கப்புறம் ஹோஸ்ல உரசி வீணாப் போறது. நிமிஷத்துக்கு 450 லிட்டர் போனா, 65 மில்லி ஹோஸ்ல 20 மீட்டர் துண்டு ஒன்னுக்கு சுமாரா 0.13 பார்தான் போகும், அதே தண்ணியை 40 மில்லி ஹோஸ்ல விட்டா துண்டுக்கு ஒன்றரை பார் போயிடும். ஹோஸ் கொஞ்சம்தானே சிறுசுன்னு நினைப்போம், கணக்குல பதினோரு மடங்குக்கு மேல வித்தியாசம். மூணாவது உசரம்.

ஒரு உதாரணம். 65 மில்லி ஹோஸ் அஞ்சு துண்டு, நேர் நோசில், ஆள் 9 மீட்டர் உசரத்துல நிக்கிறான். நோசிலுக்கு 3.5, ஹோஸுக்கு 0.65, உசரத்துக்கு 0.9, கூட்டுனா 5 பார் சொச்சம். உங்க கேஜ்ல 0.5 கோடு. அவ்வளவுதான். பசங்களுக்கு இதை டீக்கடையில உக்காந்து பேப்பர்ல போட வைங்க, ஒரு வாரத்துல மனசுலயே போட்டுடுவானுங்க, பள்ளிக்கூடத்துல கணக்குல தோத்தவன்கூடப் போட்டுடுவான், நான் பாத்திருக்கேன்.

டெலிவரி கேஜை மட்டும் பாத்துக்கிட்டு நிக்காதீங்க, பக்கத்துல இருக்கிற சக்‌ஷன் கேஜ்தான் முன்கூட்டியே பேசும். குளத்துல இருந்து எடுக்கிறப்ப அந்த முள்ளு வேக்கம் பக்கம் ஏறிக்கிட்டே போயி தண்ணி குறையுதுன்னா ஸ்ட்ரெய்னர் அடைக்குது. முள்ளு துடிச்சுக்கிட்டே பூஜ்யத்துக்கு வந்தா காத்து நுழையுது. பம்புக்குள்ள கூழாங்கல்லைப் போட்டுக் குலுக்குற மாதிரி சத்தம் வந்து, ஆக்ஸிலேட்டர் ஏத்தினாலும் பிரஷர் ஏறலைன்னா பம்ப் தனக்கு வர்ற தண்ணியை விட அதிகமாக் கேக்குது, உடனே ஆக்ஸிலேட்டரைக் குறைங்க. புதுசா கத்துக்கிறவன் கை தானா ஏத்தத்தான் போகும், குறைக்கணும்னு கைக்குத் தோணாது, அதைப் பழக்கத்துலதான் கொண்டு வரணும்.

கேள்வி: திஞ்சான் (பர்மிய புத்தாண்டு தண்ணித் திருவிழா) மேடையில ஏரித் தண்ணியை பம்ப் வச்சு அடிச்சுப் பழகுன பசங்க எங்க தெருவுல நிறைய. அந்த அனுபவம் உதவுமா?
(வாசகர், ரங்கூன்)

பதில்: நிச்சயமா உதவும்! சக்‌ஷன் போடுறது, ஏர் எடுக்கிறது, ஸ்ட்ரெய்னர் அடைச்சா கண்டுபிடிக்கிறது எல்லாம் அவங்களுக்குக் கைவந்த கலை, ஏப்ரல்ல நாலு நாள் இடைவிடாம பம்ப் ஓட்டுனவனுக்கு இஞ்சின் சத்தம் மாறுனா திரும்பிப் பாக்குற காது இருக்கும். அவங்களை முதல்ல சேருங்க. ஒன்னே ஒன்னு மட்டும் மாத்தணும், மேடையில தண்ணி விட்டு விட்டு வந்தா ஜனங்க கூத்தாடுவாங்க, இங்க ஒரு நொடி விட்டு வந்தாலும் உள்ள ஒருத்தன் வெந்து போவான், அதைப் புரிய வச்சுட்டா போதும்.

கேள்வி: நாங்க தௌங்ஜியில இருக்கோம், மலை மேல பம்ப் இழுக்கிற சக்தி குறையும்னு சொல்றாங்களே, உண்மையா?
(வாசகர், தௌங்ஜி)

பதில்: உண்மைதான். ஆகாயம்தான் தள்ளுதுன்னு மேல சொன்னேன், 1400 மீட்டர் உசரத்துல அந்தத் தள்ளுற பலம் ரங்கூனை விட குறைவு, சுமாரா ஒன்றரை மீட்டர் அளவுக்கு இழுக்கிற உசரம் போயிடும். வண்டியை முடிஞ்ச அளவு தண்ணிக்குக் கிட்ட, தாழ்வா நிறுத்துங்க. இஞ்சின் பலமும் அங்க கொஞ்சம் குறையும்.

கேள்வி: தண்ணி 400 மீட்டர் தூரத்துல இருக்கு, ஹோஸ் இருக்கு, ஆனா கடைசியில நோசில்ல மூத்திரம் மாதிரி ஒழுகுது. என்ன செய்ய?
(வாசகர், துவாந்தே)

பதில்: 2017 அக்டோபர்ல ரங்கூன் கண்டொஜி ஏரிக்கரையில தேக்கு மரத்துல கட்டின பெரிய ஹோட்டல் எரிஞ்சது நமக்கெல்லாம் ஞாபகம் இருக்கும், ஏரி பக்கத்துலயேதான் இருந்துச்சு. தண்ணி பக்கத்துல இருக்கிறது ஒன்னு, அது நோசில் வாய்க்கு வேணுங்கிற அளவுல வந்து சேர்றது வேற, நடுவுல இருக்கிற வேலைதான் பம்ப்காரன் வேலை.

உங்க கணக்கைப் பாருங்க. 400 மீட்டர்ன்னா 20 துண்டு. 65 மில்லி ஹோஸ்ல 450 லிட்டர் விட்டா உரசல்ல 2.6 பார் போகும், சமாளிக்கலாம். ரெண்டு நோசில் ஓட்ட 900 லிட்டர் விட்டீங்கன்னா தண்ணி ரெண்டு மடங்கு, உரசல் நாலு மடங்கு, 10 பாருக்கு மேல போயிடும், நோசிலுக்கு ஒன்னும் மிஞ்சாது. அதே 900 லிட்டரை ரெண்டு வரிசை ஹோஸ்ல பக்கத்துப் பக்கத்துலயே பிரிச்சு விடுங்க, ஒவ்வொன்னுலயும் பாதி, உரசல் திரும்பவும் 2.6தான். இன்னொரு வரிசை ஹோஸ் இழுக்கிற மெனக்கெடுதான், ஆனா அதுக்குச் சமமா வேற எந்த வித்தையும் இல்லை. ஹோஸ் பத்தலைன்னா நடுவுல இன்னொரு பம்ப் வச்சு தண்ணியைக் கை மாத்தி அனுப்புங்க, தண்ணி கிட்ட இருக்கிற பம்ப் பெருசா இருக்கட்டும், நடுப் பம்புக்கு உள்ள வர்ற பிரஷர் 1 பாருக்குக் கீழ போகாம அந்த ஆள் பாத்துக்கணும், போனா ஹோஸ் சப்பையா ஒட்டிக்கும். ரெண்டு பம்புக்கும் நடுவுல செய்தி சொல்ல ஒரு ஆள், போன் நம்பி நிக்காதீங்க, ஓடுற ஆளே மேல்.

ஜப்பான் ஹோஸ் தட்டி மாட்டுற கப்ளிங், உங்க பழைய ஹோஸ் வேற மாதிரி இருந்தா இப்பவே அடாப்டர் செஞ்சு வச்சுக்கோங்க, தீ அன்னிக்குத் தேடக் கூடாது.

கேள்வி: பொம்பளைங்க பம்ப் ஓட்டலாமா சார்? எங்க வீட்டுக்காரர் சிரிக்கிறார்.
(வாசகி, தத்தோன்)

பதில்: ஓட்டலாம்மா, தாராளமா. கேஜ் படிக்கவும் சத்தம் கேக்கவும் பதறாம நிக்கவும் என்ன மீசையா வேணும்? சக்‌ஷன் பைப்பைத் தூக்கத்தான் ரெண்டு மூணு பேர் வேணும், அதை ஆம்பளையும் தனியாத் தூக்க முடியாது. பகல்ல ஆம்பளைங்க வேலைக்குப் போன நேரத்துல பேட்டையில இருக்கிறது நீங்கதான். வீட்டு வாசல்ல கொக்கி, தீயை அடிச்சு அணைக்கிற தட்டி, மணல் பை, தண்ணி வாளி வைக்கச் சொல்றப்ப அதைப் பாத்துக்கிறதும் பொம்பளைங்கதானே, பம்பையும் கத்துக்கோங்க, தீ வந்தா மட்டும் முதல்ல தீயணைப்பு நம்பர் 191க்கு போன் போட்டுட்டு பம்பைத் தொடுங்க.

கேள்வி: ஆத்துத் தண்ணியை அடிக்கிறோம், சேறும் உப்பும் கலந்து வருது. பம்புக்கு ஒன்னும் ஆகாதா?
(வாசகர், தான்லின்)

பதில்: ஆகும். சேறு இம்பெல்லரையும் அதைச் சுத்தியிருக்கிற வளையத்தையும் அரம் மாதிரி தேய்க்கும், உப்பு அரிக்கும். தீ நேரத்துல யோசிக்காம அடிங்க, வீடா பம்பான்னு கேள்வியே இல்லை, ஆனா திரும்பி வந்ததும் தூங்கப் போறதுக்கு முன்னாடி நல்ல தண்ணி விட்டு எல்லா வால்வையும் திறந்து மூடிக் கழுவுங்க, வடிச்சு விடுங்க. ஏத்தவத்தம் உள்ள ஆறு அது, நீங்க பைப் போட்டப்ப ரெண்டு மீட்டர் கீழ இருந்த தண்ணி வத்தம் இறங்க இறங்க இன்னும் கீழ போகும், ஸ்ட்ரெய்னர் கிட்ட ஒரு ஆள் கட்டாயம் நிக்கணும்.

கேள்வி: ஐயா, என் மகன் தொண்டர் படையில நோசில் புடிக்கிறவன், வயசு 19. போன மாசம் ஒரு தீயில திடீர்னு பிரஷர் ஏறி ஹோஸ் அவனைத் தூக்கி சுவத்துல அடிச்சிடுச்சு, மணிக்கட்டு உடைஞ்சு கட்டு போட்டிருக்கு. பம்ப் கிட்ட நின்னது எங்க பக்கத்து வீட்டுப் பையன். அவன் வேணும்னு செஞ்சிருக்க மாட்டான்னு தெரியும், ஆனா மனசு கேக்கலை. இது யார் தப்பு?
(ஒரு தாய்)

பதில்: அம்மா, படிச்சதும் எனக்கு ரொம்ப நேரம் கையே ஓடலை. பையன் கை நல்லபடியா ஆகணும்.

என்ன நடந்திருக்கும்னு சொல்றேன். 19 மில்லி நோசில்ல 3.5 பார் இருக்கிறப்ப அது பின்னாடி தள்ளுற வேகம் கிட்டத்தட்ட 20 கிலோ. 7 பார் ஆனா 40 கிலோ. 19 வயசுப் பையன் ஈர மண்ணுல நின்னுக்கிட்டு 40 கிலோவைத் தனியாப் புடிக்க முடியாதும்மா, யாராலயும் முடியாது. ஆக்ஸிலேட்டரைத் தொடாமலே பிரஷர் ஏறுறதும் உண்டு, ரெண்டு நோசில் ஓடிக்கிட்டு இருக்கிறப்ப ஒருத்தன் படக்குன்னு மூடிட்டா அவன் தண்ணியோட பாரமெல்லாம் அடுத்தவன் ஹோஸுக்கு வந்துடும். அதைத் தாங்கத்தான் பம்புல ரிலீஃப் வால்வு இருக்கு, பழைய வண்டிங்கள்ல அது துருப்பிடிச்சு இறுகி இருக்கும், யாரும் அசைச்சுக்கூடப் பாத்திருக்க மாட்டாங்க. நோசிலை மெதுவா மூடணும்னு சொல்லிக்குடுத்திருக்கணும், நோசில் பின்னாடி ரெண்டாவது ஆள் நின்னிருக்கணும், ஆக்ஸிலேட்டரை ஏத்துறதுக்கு முன்னாடி நோசில்காரன் கையைத் தூக்கிக் காட்டியிருக்கணும்.

பேச்சும் ஒரு காரணம். நம்ம அணிகள்ல தமிழ், பர்மிய மொழி ரெண்டும் கலந்து கத்துவோம். யே ஃபுவின்ன்னா தண்ணி திற, யே பெய்ன்னா மூடு, ரெண்டும் யேன்னுதான் தொடங்குது, இஞ்சின் இரைச்சல்ல அந்த முதல் எழுத்து மட்டும்தான் காதுல விழும், மூடுன்னு கத்துனது திறன்னு கேக்கும். அதனால வாயை நம்பாம கைச்சாடை வைக்கணும், கையை மேல தூக்கினா ஏத்து, பக்கவாட்டுல நீட்டி இறக்கினா குறை, ரெண்டு கையையும் தலைக்கு மேல குறுக்கே போட்டா நிறுத்து, ராத்திரியில டார்ச்சால அதே சாடை. நடுவுல ஒரு ஆள் நின்னு சாடையை வாங்கிக் குடுக்கணும். இது எதுவும் அந்தப் பையனுக்கு யாரும் சொல்லிக்குடுக்கலைன்னா தப்பு அவனை ரெண்டு தடவை லீவரைத் திருப்ப வச்சுட்டு தீக்கு அனுப்புன பெரியவங்களோடது, அந்தப் பெரியவங்கள்ல என்னை மாதிரி ஆளுங்களும் சேர்த்தி, நாங்க இதையெல்லாம் எப்பவோ எழுதியிருக்கணும், ஊர் ஊராப் போய்ச் சொல்லியிருக்கணும்.

உங்க படைத் தலைவர் கிட்ட இந்தப் பக்கத்தைக் குடுத்து ரிலீஃப் வால்வை இந்த வாரமே கழட்டிப் பாக்கச் சொல்லுங்க. அரசாங்க மீதத் ஸ்டேஷன்ல பம்ப் தெரிஞ்சவர் ஒருத்தரைக் கூப்பிட்டு ரெண்டு நாள் உக்கார வைக்கச் சொல்லுங்க. உங்க மகன் கை ஆறினதும் அவனை ஒரு மாசம் பம்ப் பக்கம் நிக்க விடுங்க, அந்தப் பக்கத்து வீட்டுப் பையன் ஒரு மாசம் நோசில் புடிக்கட்டும், அந்த வேகம் கையில எப்படி வந்து மோதுதுன்னு தெரிஞ்சவன்தான் லீவரை மெதுவாத் திருப்புவான். அதுக்கு முன்னாடி ஒரு நாள் சாயங்காலம் அந்தப் பையனை வீட்டுக்குக் கூப்பிட்டு ஒரு டீ குடுங்கம்மா, அந்த ராத்திரியில இருந்து அவனும் சரியாத் தூங்கியிருக்க மாட்டான்.